வாட்ஸ்அப் கடைக்கு ஒரு விர்ச்சுவல் அசிஸ்டென்ட்: யாரை வைப்பது, எதைக் கொடுப்பது

இளம்பிள்ளையிலும் சின்னாளபட்டியிலும் புடவை எடுத்து, வீட்டுக் கூடத்தில் விரித்து போட்டோ பிடித்து, வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்கும் பெண்கள் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். வியாபாரம் கொஞ்சம் சூடு பிடித்ததும் பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரே இடத்தில்தான் இடிக்கும். சரக்கு எடுக்க எப்படியோ நேரம் கிடைத்துவிடுகிறது, பேக் பண்ண வீட்டில் யாராவது கைகொடுக்கிறார்கள், ஆனால் "ப்ரைஸ் ப்ளீஸ்" என்று நாள் முழுக்க வந்து விழும் மெசேஜுக்குப் பதில் போட்டு முடிவதில்லை. ராத்திரி பதினோரு மணிக்குப் பதில் போனால், அதற்குள் அந்தம்மா வேறு யாரிடமாவது வாங்கியிருப்பார். இந்த மாதிரி நேரத்தில்தான் யாராவது "ஒரு விர்ச்சுவல் அசிஸ்டென்ட் வச்சுக்கோயேன்" என்பார்கள். அது என்ன, எப்படி வைப்பது, எங்கே உஷாராக இருக்க வேண்டும் என்பதை இந்தப் புடவை வியாபாரத்தை வைத்தே பார்ப்போம். நீங்கள் டியூஷன் சென்டரோ மசாலாப் பொடி வியாபாரமோ நடத்தினாலும் விஷயம் கிட்டத்தட்ட இதேதான்.

முதலில், இது அலெக்ஸா மாதிரி பேசும் பெட்டி இல்லை. ஓர் ஆள். அவர் தன் வீட்டில் உட்கார்ந்து, தன் லேப்டாப்பிலோ போனிலோ, உங்கள் வியாபாரத்தின் எழுத்து வேலையில் ஒரு பகுதியைச் செய்து கொடுப்பார். மெசேஜுக்குப் பதில் போடுவது, ஆர்டரை ஷீட்டில் ஏற்றுவது, கூரியர் டிராக்கிங் நம்பரை அனுப்புவது, போஸ்ட் போடுவது, இப்படி. மணிக்கணக்கிலோ மாதக் கணக்கிலோ சம்பளம். நீங்கள் சேலத்தில் இருக்கலாம், அவர் தென்காசியில் இருக்கலாம், நேரில் பார்த்துக்கொள்ளாமலேயே ஒரு வருஷம் ஓடலாம். புடவை மடிக்க மாட்டார், பார்சலைத் தூக்கிக்கொண்டு கூரியர் ஆபீஸ் போக மாட்டார். உங்களுக்கு உண்மையில் திணறல் பேக்கிங்கில்தான் என்றால், பக்கத்துத் தெருவில் ஓர் ஆள் பார்ப்பதுதான் சரி, இந்தக் கட்டுரை உங்களுக்கு வேண்டாம்.

அடுத்தது, ஆள் தேடுவதற்கு முன் இலவசமாகக் கிடைப்பதைப் பயன்படுத்திவிடுங்கள். இன்னும் நிறைய பேர் சாதாரண வாட்ஸ்அப்பிலேயே வியாபாரம் பண்ணிக்கொண்டிருக்கிறார்கள். 2018-லிருந்தே வாட்ஸ்அப் பிசினஸ் என்று தனி ஆப் இருக்கிறது, காசு கிடையாது. அதில் கேட்டலாக்கில் 500 பொருள் வரை விலையோடு போட்டு வைக்கலாம். அடிக்கடி எழுதும் பதில்களை 50 வரை சேமித்துக்கொண்டு, ஒரு சாய்வுக் கோடு தட்டினால் பட்டியலாக வரும்படி செய்யலாம். புதிதாக யாராவது மெசேஜ் போட்டால் வணக்கம் சொல்ல ஒரு தானியங்கிச் செய்தி, கடை நேரம் முடிந்த பிறகு போக இன்னொன்று. "பணம் வரணும்", "அனுப்பியாச்சு" என்று ஒவ்வொரு சாட்டுக்கும் லேபிள் ஒட்டலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்தால் இவ்வளவையும் முடித்துவிடலாம். சில பேருக்கு இதிலேயே பாதிச் சுமை குறைந்து, ஆள் வேண்டாம் என்று தோன்றிவிடும். தோன்றினால் நல்லது, மாதாமாதம் காசு மிச்சம்.

குறையவில்லையா? சரி, இப்போதுதான் முக்கியமான வேலை. அதைத்தான் முக்கால்வாசிப் பேர் செய்வதில்லை. ஒரு வாரத்துக்கு, வரும் மெசேஜ்களை மூன்று குவியலாகப் பிரித்துப் பாருங்கள். முதல் குவியல், யார் கேட்டாலும் ஒரே பதில்: சி.ஓ.டி. (பார்சல் கைக்கு வந்ததும் பணம்) உண்டா, கூரியர் சார்ஜ் எவ்வளவு, பிளவுஸ் துணி சேர்ந்து வருமா, ஃபால்ஸ் அடித்துத் தருவீர்களா. இரண்டாவது, எங்கேயாவது பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டியது: இந்தக் கலர் இருக்கா, என் பார்சல் எங்கே, போன வாரம் கேட்டது வந்தாச்சா. மூன்றாவது, நீங்கள்தான் முடிவு சொல்ல வேண்டியது: ஆறு புடவை எடுக்கிறேன், விலை குறைப்பீர்களா, பார்சலைப் பிரித்தால் நூல் இழுத்திருக்கிறது, நான் ரீசெல்லர், எனக்கு என்ன விலை.

முதல் இரண்டு குவியலைத்தான் அசிஸ்டென்டிடம் கொடுக்கிறோம். மூன்றாவது உங்களிடமே இருக்கும். அதை யார் என்றே தெரியாத ஒருவர் தலையில் முதல் மாதமே கட்டிவிட்டு, "அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியல" என்று குறைப்படுவதில் அர்த்தமில்லை. இரண்டாவது குவியலிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது: பார்த்துச் சொல்ல ஓர் இடம் இருந்தால்தானே அவர் பார்ப்பார்? எந்தப் புடவை எத்தனை இருக்கிறது என்பது உங்கள் மண்டைக்குள் மட்டும் இருந்தால், அவர் ஒவ்வொரு மெசேஜுக்கும் உங்களுக்கு போன் போடுவார், நீங்கள் மொத்தக் கடையில் நின்று கொண்டு வீட்டு பீரோவில் பச்சை இரண்டா மூன்றா என்று யோசிப்பீர்கள். ஆள் வைத்ததால் வேலை கூடியதுதான் மிச்சம் என்று பலர் புலம்புவது இதனால்தான். ஆகவே ஒரு கூகுள் ஷீட். புடவைக்கு ஒரு கோடு நம்பர், போட்டோ, விலை, கையிருப்பு. போட்டோ எடுக்கும்போதே அந்த நம்பரை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிப் புடவை ஓரத்தில் வைத்து எடுத்துவிட்டால், வாடிக்கையாளர் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினாலும் எது என்று குழப்பம் வராது.

இதோடு ஒரே ஒரு பக்கம் எழுதி வையுங்கள். பெரிய கையேடெல்லாம் தேவையில்லை. சேதம் என்று யார் சொன்னாலும் பார்சல் பிரிக்கும் வீடியோ முதலில் கேட்க வேண்டும், வீடியோ இல்லையென்றால் என்ன சொல்ல வேண்டும், இருந்தால் யாருக்கு அனுப்ப வேண்டும். லைட் வெளிச்சத்தில் கலர் கொஞ்சம் மாறித் தெரியும் என்பதை ஆர்டர் எடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். தள்ளுபடி கேட்டால் "அக்காகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லக் கூடாது. வாடிக்கையாளரை மேம் என்பதா அக்கா என்பதா, இதுகூட அந்தப் பக்கத்தில் இருக்கட்டும். உங்களிடம் வாங்குகிறவர்கள் உங்களிடம் பேசுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள், திடீரென்று கால் சென்டர் தமிழ் வந்து விழுந்தால் அன்னியமாகிவிடும்.

இனி ஆள். இணையத்தில் ஆங்கிலத்தில் தேடினால் வரும் ஆலோசனைகள் பெரும்பாலும் அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ இருக்கும் சின்னக் கம்பெனிக்காரர்களுக்கு எழுதியவை. அவர்கள் அப்வொர்க், ஃபைவர் போன்ற தளங்கள் வழியாக பிலிப்பைன்ஸிலும் இந்தியாவிலும் ஆள் எடுக்கிறார்கள், டாலரில் பேசுகிறார்கள். நம் தேவை அது இல்லை. நமக்கு வேண்டியது நல்ல தமிழில் நாலு வரி எழுதத் தெரிந்த, புடவை பற்றி ஓரளவு தெரிந்த, ஷீட்டைத் திறந்து பார்க்கும் பழக்கமுள்ள ஒருவர். இந்த மூன்றும் சேர்ந்த ஆள் உங்கள் வாடிக்கையாளர் பட்டியலிலேயே இருக்க வாய்ப்பு அதிகம் என்பது என் கருத்து. அடிக்கடி வாங்குகிறவர், குழந்தைக்காக வேலையை விட்டவர், மெசேஜில் தெளிவாகப் பேசுகிறவர் என்று ஒருவராவது இருப்பார். ஸ்டேட்டஸில் ஒரு வரி போட்டுப் பாருங்கள். லிங்க்ட்இன், இன்டர்ன்ஷாலா போன்ற இடங்களிலும் போடலாம், விண்ணப்பம் குவியும், சலிப்பதற்கே ஒரு வாரம் போகும். சொந்தக்காரப் பையனை வைக்கலாமா என்றால், வைக்கலாம், ஆனால் பதில் தப்பாகப் போட்டால் அவனைத் திட்ட முடியுமா, நிறுத்த முடியுமா என்று முதலில் யோசித்துக்கொள்ளுங்கள். அவன் அம்மா கல்யாண வீட்டில் கேட்பார்.

இன்னொன்று. "வீட்டிலிருந்தே வேலை" என்ற பெயரில் டெபாசிட் கட்டச் சொல்லி ஏமாற்றும் கூட்டம் நிறைய இருப்பதால், நல்ல ஆட்களுக்கு உங்கள் மேலேயே சந்தேகம் வரும். அதில் கோபப்பட ஒன்றுமில்லை. உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தைக் காட்டுங்கள், வீடியோ காலில் முகம் காட்டிப் பேசுங்கள், எந்தக் காரணத்துக்காகவும் அவரிடம் பணம் வாங்காதீர்கள்.

இன்டர்வியூவில் "உங்கள் பலம் பலவீனம் என்ன" என்றெல்லாம் கேட்பது வீண். நிஜமாக வந்த ஐந்து மெசேஜைப் பெயர், நம்பர் நீக்கிக் கொடுத்து, இதற்கு என்ன பதில் போடுவீர்கள் என்று கேளுங்கள். உதாரணத்துக்கு இப்படி ஒன்று: "அக்கா நேத்து போட்ட பச்சை சாஃப்ட் சில்க் இருக்கா? பார்டர் சின்னதா? நாளைக்கு அனுப்பினா வெள்ளிக்கிழமைக்குள்ள மதுரை வந்துருமா, வீட்ல விசேஷம்."

ஒருவர் எழுதுவார்: "எஸ் மேம், அவைலபிள். ஃப்ரைடே கண்டிப்பா வந்துடும்." வேகமான பதில், மரியாதையான பதில், ஆனால் இதுதான் உங்களைக் கவிழ்க்கும் பதில். கூரியர்காரர் சார்பில் வாக்குக் கொடுத்தாயிற்று, பார்டர் பற்றிக் கேட்டது காற்றில் போயிற்று. இன்னொருவர் எழுதுவார்: "இருக்குங்க அக்கா. பார்டர் நாலு விரல் அகலம் இருக்கும், கை வச்சு எடுத்த போட்டோ அனுப்புறேன். நாளைக்கு மதியத்துக்குள்ள பணம் வந்துட்டா நாளைக்கே கூரியர்ல போட்டுடுவோம். அங்கேர்ந்து எந்த நாள் வந்து சேரும்னு நாங்க உறுதி சொல்ல முடியாதுங்க. விசேஷத்துக்குக் கட்டணும்னா சொல்லுங்க, வேற வழி இருக்கான்னு ஓனர் அக்காகிட்ட கேட்டுச் சொல்றேன்." கேட்ட மூன்றுக்கும் பதில் இருக்கிறது, தன் கையில் இல்லாததைச் சொல்லவில்லை, ஆர்டரும் கைநழுவவில்லை. இவர் எக்ஸலில் கொஞ்சம் மந்தமாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு வாரத்தில் பழகிவிடுவார். முதலாமவருக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதுதான் கஷ்டம். அப்படித் தேறுகிறவரை ஒரு வாரம் சோதனைக்கு வையுங்கள். அந்த வாரத்துக்கும் சம்பளம் உண்டு, "ட்ரயல்தானே" என்று சும்மா வேலை வாங்காதீர்கள்.

சம்பளம் எவ்வளவு என்பதற்கு ஊரறிந்த ரேட் எதுவும் கிடையாது, மணிக்கணக்குப் போட்டுப் பாருங்கள். தினம் 2 மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 52 மணி. 8,000 ரூபாய் என்று பேசினால் மணிக்குச் சுமார் 154 ரூபாய். அந்த 52 மணியில் நீங்கள் கூடுதலாக எத்தனை ஆர்டர் முடிப்பீர்கள், ஒரு ஆர்டரில் செலவு போக என்ன நிற்கும் என்று எழுதிப் பாருங்கள். புடவைக்கு 150 ரூபாய் நிற்கிறது என்றால் மாதம் 54 புடவை அதிகமாக விற்றால்தான் கட்டுப்படியாகும். தினம் நாலைந்து ஆர்டர்தான் வருகிறது என்கிறவர்களுக்கு இப்போதைக்கு இது வேண்டாத செலவு. முழு நாள் ஆள் என்று ஆரம்பிப்பதும் வேண்டாம். மெசேஜ் அதிகம் வருவது காலை 11 மணியிலா, ராத்திரி 8 மணிக்கு மேலா என்று உங்கள் சாட்டிலேயே தெரியும், அந்த இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் பேசுங்கள். ஆடித் தள்ளுபடி, தீபாவளி சமயத்தில் நேரம் கூடினால் என்ன தருவீர்கள் என்பதையும் முன்கூட்டியே பேசிவிட்டால் அப்போது முகம் சுளிக்க வேண்டியிருக்காது.

எதை எப்படித் திறந்து விடுவது என்பதில்தான் எல்லோருக்கும் பயம், பயப்பட வேண்டிய இடமும் இதுதான். வாட்ஸ்அப் பிசினஸில் 'லிங்க்ட் டிவைசஸ்' வழியாக உங்கள் போன் தவிர நாலு கருவிகளை இணைக்கலாம். அசிஸ்டென்ட் தன் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்து, வீடியோ காலில் க்யூ.ஆர். கோடைக் காட்ட, நீங்கள் உங்கள் போனில் ஸ்கேன் செய்தால் போதும். ஆனால் அப்படி இணைத்தால், வீட்டுச் சாவிக் கொத்தையே கொடுத்தது மாதிரி, எல்லா சாட்டும் அவருக்குத் தெரியும், இது மட்டும் பார், அது வேண்டாம் என்று பிரித்து வைக்க அங்கே வழியில்லை. நாத்தனாரோடு பேசியதும் வாடிக்கையாளரோடு பேசியதும் ஒரே நம்பரில் இருந்தால் இரண்டையும் அவர் படிக்கலாம். அதனால் வியாபாரத்துக்குத் தனி சிம் கட்டாயம். இரண்டு சிம் போடும் ஒரே போனில், ஒரு நம்பரில் வாட்ஸ்அப்பும் இன்னொரு நம்பரில் வாட்ஸ்அப் பிசினஸும் வைத்துக்கொள்ளலாம், புதுப் போன் வாங்க வேண்டியதில்லை. வாட்ஸ்அப் கணக்கைத் திறக்க எஸ்.எம்.எஸ்.ஸில் வரும் 6 இலக்க எண் மட்டும் எக்காரணம் கொண்டும் யாருக்கும் போகக் கூடாது, அதைக் கொடுத்தால் கணக்கே கைமாறிவிடும். டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனையும், அதாவது நீங்களே வைக்கும் இன்னொரு ரகசிய எண்ணையும், போட்டு வையுங்கள்.

இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக்குக்குப் பாஸ்வேர்ட் கொடுக்கவே தேவையில்லை. இந்த இரண்டையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் மெட்டா பிசினஸ் சூட்டில் அவரைச் சேர்த்து, மெசேஜ் பார்ப்பது, போஸ்ட் போடுவது என்று வேண்டியதற்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம், அவர் தன் சொந்த ஃபேஸ்புக் கணக்கிலிருந்தே வேலை பார்ப்பார். கூகுள் மேப்பில் கடை இருந்தால் அவரை மேனேஜராகச் சேருங்கள், ஓனராக அல்ல. மேனேஜரால் ஆட்களைச் சேர்க்கவோ நீக்கவோ முடியாது.

பணம் முழுக்க உங்கள் பக்கம். ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டை நம்பிப் பார்சல் அனுப்பி ஏமாந்தவர்கள் இந்தத் தொழிலில் ஏராளம், எடிட் பண்ணிய படம் பார்க்க அச்சு அசலாக இருக்கும். ஆகவே அசிஸ்டென்ட் ஸ்க்ரீன்ஷாட் வாங்கி ஆர்டரை ஷீட்டில் ஏற்றட்டும், ஆனால் "பணம் வந்தது" என்ற பத்தியில் டிக் போடுவது நீங்கள், அதுவும் வங்கி ஆப்பில் வரவு பார்த்த பிறகு. கூகுள் ஷீட்டில் அந்த ஒரு பத்தியை மட்டும் நீங்கள் தவிர யாரும் தொட முடியாதபடி பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது. டிக் இல்லாத ஆர்டர் பேக்கிங்குக்குப் போகாது, அவ்வளவுதான் சட்டம். உங்களிடம் வேலை பார்க்கும் ஆளிடம் நம்பிக்கை இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை, நாளைக்கு ஒரு தொகை குறைந்தால் அவர் மேல் பழி விழாமல் காப்பாற்றுவதும் இந்த டிக்தான்.

எழுத்தில் ஒரு பக்க ஒப்பந்தம் இருக்கட்டும்: என்ன வேலை, எத்தனை மணி நேரம், மாதம் எந்தத் தேதியில் சம்பளம், நிறுத்துவதானால் எத்தனை நாள் முன்பு சொல்வது, வாடிக்கையாளர் நம்பர்களை எடுத்துப் பயன்படுத்தக் கூடாது. கடைசியாகச் சொன்னது சம்பிரதாயத்துக்கு அல்ல. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, உங்களுக்காக வேறொருவர் அந்தத் தகவலைக் கையாண்டாலும் பொறுப்பு உங்களுடையது. அப்புறம் வரி. ஃப்ரீலான்ஸராக வேலை செய்கிறவரின் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் என்றால் தமிழ்நாட்டில் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டாம், சாதாரண பில் கொடுத்தால் போதும், உங்கள் செலவுக் கணக்குக்கு அது உதவும். முந்தைய ஆண்டு உங்கள் விற்பனை 1 கோடியைத் தாண்டியிருந்தால் டி.டி.எஸ். (அவருக்குக் கொடுக்கும் தொகையிலேயே கழித்துக் கட்டும் வரி) பிடிக்க வேண்டி வரலாம், ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காலை ஒன்பது முதல் ஆறு வரை, உங்களுக்கு மட்டுமே, நீங்கள் சொல்கிறபடியே என்று வைத்தால் அது ஃப்ரீலான்ஸ் வேலை என்று சொல்வதும் கஷ்டம், அதையும் ஆடிட்டரிடமே கேளுங்கள்.

முதல் மாதம் தினமும் பத்து நிமிஷம் போனில் பேசுங்கள். "அக்கா இதுக்கு என்ன சொல்ல?" என்று அவர் கேட்பதையெல்லாம் அந்த ஒரு பக்கத்தில் சேர்த்துக்கொண்டே வாருங்கள், அடுத்த தடவை அதே கேள்வி வராது. நடுநடுவே அவர் போட்ட பதில்களைப் படித்துப் பாருங்கள், ஆனால் ஒவ்வொன்றுக்கும் "நான் இப்படிச் சொல்லியிருப்பேன்" என்று ஆரம்பிக்காதீர்கள், கொஞ்ச நாளில் பயந்து எல்லாவற்றையும் உங்களிடமே கேட்கத் தொடங்கிவிடுவார். இரண்டு மாதம் ஆன பிறகும் கேள்வி குறையவே இல்லையென்றால் ஷீட்டைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள். கையிருப்பு எண் இரண்டு நாளாக மாற்றப்படாமல் கிடக்கும், பாவம், அவர் என்ன செய்வார்? கேள்வி நன்றாகக் குறைந்து, பதில்களும் சரியாகப் போகிறது என்றால் மூன்றாவது குவியலிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக் கொடுத்துப் பாருங்கள்: ஆறு புடவைக்கு மேல் எடுத்தால் கூரியர் இலவசம் என்று அவரே சொல்லலாம், அதற்கு மேல் இறங்க வேண்டாம், இந்த அளவில்.

போகும் நாளும் வரும். சண்டை போட்டுத்தான் போவார்கள் என்றில்லை, நல்ல வேலை கிடைத்தாலும் போவார்கள். அன்றைக்குச் செய்ய வேண்டியதை ஒப்பந்தம் போடும்போதே எழுதி வைத்துவிடுங்கள். லிங்க்ட் டிவைசஸில் அவர் கம்ப்யூட்டரை லாக் அவுட் செய்வது, பிசினஸ் சூட்டிலிருந்தும் கூகுள் மேப்பிலிருந்தும் நீக்குவது, ஷீட்டின் அனுமதியை எடுப்பது, ஏதாவது பாஸ்வேர்ட் தெரிந்திருந்தால் மாற்றுவது. ஷீட் அவர் கணக்கில் தொடங்கப்பட்டிருந்தால் ஓனர்ஷிப்பை உங்கள் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள், இதை முதல் நாளே பார்த்திருந்தால் இன்னும் சௌகரியம். பாக்கிச் சம்பளத்தை அன்றைக்கே போட்டுவிடுங்கள், அடுத்து வருகிறவருக்கு ஒரு மணி நேரம் போனில் வேலை சொல்லிக் கொடுக்க முடியுமா என்று அவரிடமே கேளுங்கள், அந்த ஒரு மணி நேரத்துக்கும் காசு கொடுத்து.